தலைப்பில் 'விளம்பரம்'

ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றுகிறவர்கள் ஏராளம். அதை மெயிலில் விற்கிறவள், எனக்குத் தெரிந்து, கமலவேணி ஒருத்திதான். ராசாத்தி அக்காவின் முறுக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் வெளியூர் அலுவலகங்களுக்கெல்லாம் விலைப்பட்டியல் அனுப்புவாள். சென்னைக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் பெரிய ஆர்டர் தரும். அது வந்தால்தான் குஞ்சம்மாள் போன்ற சீசன் ஆட்களுக்கு வேலை.

காலையில் மெயிலைத் திறந்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறும். லோன் வேண்டுமா, முடி வளர வேண்டுமா என்று குவிந்து கிடக்கும். அழித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

முறுக்கு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் பேசி அனுப்பினாள்: "பாக்கெட்டுல என்ன எண்ணெய்னு லேபிள் ஒட்டறமில்லீங்க, அதாட்டம் மெயில் தலைப்புலயும் 'விளம்பரம்'னு போட்டுருவமுங்க. வேண்டாதவங்க ஒதுக்கிக்கட்டும்."

எல்லோரும் சம்மதித்தார்கள். அவள் ஒருபடி மேலே போய், தலைப்பில் அந்தச் சொல் இருக்கும் மெயிலெல்லாம் தானாகவே தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவைத்தாள்.

லோன்காரர்கள் இதற்கெல்லாம் கட்டுப்படுவார்களா? 'அவசரம்' என்ற தலைப்போடு வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்கள். கண்ணில் படாமல் போனது பக்கத்துத் தெரு முறுக்குக்காரர்களின் விலைப்பட்டியல்தான். கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஃபோல்டரை அவள் திறக்கவே இல்லை.

சென்னைக் கம்பெனிக்கும் 'விளம்பரம்' என்று போட்டே அனுப்பினாள். பதிலைக் காணோம்.

"ஒரு போன் போட்டுக் கேளு சாமி" என்றாள் ராசாத்தி.

"நச்சரிச்சா நாமளும் லோன்காரனாட்டம் ஆயிருவமுங்கக்கா."

அந்தத் தீபாவளிக்குப் பாதி அடுப்புதான் எரிந்தது. குஞ்சம்மாளைக் கூப்பிடவில்லை.

பண்டிகை முடிந்து, அந்த ஃபோல்டரைக் காலி செய்யலாமென்று திறந்தாள். உள்ளே சென்னைக் கம்பெனியின் மெயில். பதில் எழுதினால் பழைய தலைப்பும் கூடவே திரும்பி வரும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. போன வருஷத்தைப்போல் இரண்டு மடங்கு கேட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு நினைவூட்டல். அதற்கும் மேல், பதில் வராததால் வேறிடத்தில் சொல்லிவிட்டோம் என்று மரியாதையாக இரண்டு வரி.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்நேரம் வாசலில் குஞ்சம்மாள், ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ராசாத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, அந்தச் சென்னைக்காரங்க கடைசி வரைக்கும் பதிலே போடலியா?"

கமலவேணி குஞ்சம்மாளைப் பார்த்தாள்.

"போட்டாங்கக்கா. நாந்தான் பதில் போடல."