மூன்றாம் ஓலையும் ஐந்தாம் படமும்

கத்தோலிக்கர் எல்லாருக்கும் பத்துக் கட்டளை. ராயபுரம் பனைமரத்தொட்டி இக்னேஷியசுக்கு மட்டும் பதின்மூன்று.

கூடுதல் மூன்றும் மூர் மார்க்கெட்டிலிருந்து வந்தவை. 1949-இல் அங்கே ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கினார். அதற்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் துண்டுத்தாளை ஹார்பர் ஆபீஸ் குமாஸ்தாவிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டார். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஆள் பத்தடி தள்ளி நிற்கட்டும். படம் எடுக்கும்போது அசையக் கூடாது. பழைய பத்தில் ஓரிரண்டில் அவர் முன்பின் இருந்திருக்கலாம். இந்த மூன்றில் ஒருநாளும் பிசகியதில்லை.

முதல் கட்டளையின் பயனாக, அவர் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் அவருடைய நிழல் விழுந்திருக்கும். தொப்பி போட்ட ஒரு தலை, இரண்டு பக்கமும் புடைத்த முழங்கைகள். காது விரித்த யானை ஒன்று வேடிக்கை பார்க்க வந்தது போல. மாதா தேர்ப் படத்தில் தேருக்கு முன்னால் யானை. திருவொற்றியூர்க் கட்டுமரப் படத்தில் மணல்மேல் யானை. காலடிப்பேட்டைச் சித்தப்பாவின் கடைசிப் படத்தில் அவர் மடியிலேயே யானை. “யாரு எட்த்ததுன்னு பின்னாடி எயுத வேணாம், முன்னாடியே எயுதிகீது” என்று தெருவில் சொல்வார்கள். இக்னேஷியஸ் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் கட்டளைதான் விசேஷம். துறைமுகத்தில் அவருக்கு, கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கையும் குரலும் காட்டும் வேலை. ‘நில்’ என்று ஒரு சத்தம் போட்டால் இரண்டு டன் கோதுமை அந்தரத்தில் நின்றுவிடும். இருபது வருஷமாக இரும்பை நிறுத்திய குரலுக்கு மனுஷனை நிறுத்துவது ஒரு வேலையா? கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து அதன் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தபடி, “அசையாதே!” என்பார். கைகள் தொடையோடு ஒட்டும், மோவாய் உயரும், கண்கள் கேமராவில் குத்திட்டு நிற்கும். படத்தில் இல்லாதவர்களும் நிற்பார்கள். ஒருமுறை அடுத்த வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

எல்லாரையும்விட நன்றாக நிற்பவன் மைத்துனன் பாஸ்கல். மனைவி அடைக்கலமேரியின் தம்பி; துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர்; அக்காள் வீட்டிலேயே சாப்பாடு. கேமரா வந்த அன்றே வெயிலில் நிறுத்திப் பழக்கப்பட்டவன். மாமா ‘அசையாதே’ என்றால் அவன் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அது தானாகத்தான் எழுந்து போகவேண்டும்.

ரோலுக்கு எட்டுப் படம். ஒரு ரோலை இக்னேஷியஸ் ஒரு வருஷம் வைத்து எடுப்பார். எட்டும் முடியுமுன் கழுவக் கொடுப்பது, பிள்ளை பிறக்குமுன் ஞானஸ்நானம் கொடுப்பதற்குச் சமம் என்பது அவர் கொள்கை.

1952-ஆம் வருஷத்து ரோலில் ஐந்தாவது படத்தை வியாசர்பாடியில் எடுத்தார். அங்கேதான் வம்பு.

அன்று ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசையில் பாஸ்கலுக்கும் ரோசிக்கும் இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்’ என்று சாமியார் மூன்று ஞாயிறு படிப்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் தாண்டினால் தாலி. சாயங்காலம் வியாசர்பாடி ரயில்வேக்காரர்களோடு ராயபுரம் ஹார்பர் டீமுக்குக் கோப்பைப் பந்தயம். பாஸ்கல்தான் கோல்கீப்பர். இக்னேஷியஸ் கேமராவும் தொப்பியுமாகப் போய், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, மேற்குக் கோட்டோரம் கோலுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தார்.

ஆளுக்கு ஒரு கோல். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வியாசர்பாடிக்குப் பெனால்டி கிடைத்தது. ஊரே தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தியது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே பாஸ்கல் முழங்கால் மடக்கி, கை விரித்து, புலி மாதிரி நின்றான். இக்னேஷியஸ் கண்ணாடிக்குள் குனிந்தார். எப்பேர்ப்பட்ட காட்சி! மஞ்சள் வெயில், மூங்கில், மைத்துனன். ஒரே ஒரு குறை. ஆள் ஆடிக்கொண்டே இருக்கிறான்.

“பாஸ்கலு! அசையாதே!”

அவன் நின்றான்.

கேமரா ‘டிக்’ என்றது. அதற்குள் பந்து உள்ளே போய்விட்டது; ஐந்து நிமிஷம் கழித்து வியாசர்பாடி கோப்பையைத் தூக்கிவிட்டது.

தகரச் சத்தத்தில் அந்தக் குரல் வேறு யார் காதிலும் தனியாக விழவில்லை. பாஸ்கலின் காதிலே விழுந்ததா என்றால், அவனுக்கே தெரியவில்லை. “கால் நின்னுட்ச்சு. அவ்ளோதான் தெரியும்” என்றான். டீம் கேப்டன் சண்முகவேல் மட்டும் அதை மூன்று தடவை கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலைக்குள் ராயபுரத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதாவது, பாஸ்கல் கோலை விற்றுவிட்டான். எவ்வளவுக்கு? கல்யாணத்துக்கென்று மூர் மார்க்கெட்டில் அவன் வாங்கியிருந்த கைக்கடிகாரம் அன்றுதான் தெருவின் கண்ணில் பட்டது.

“அந்த வாச்சு ஓடவே ஓடாதுப்பா! ஓடாத வாச்ச எவனாவது லஞ்சமா குடுப்பானா?” என்றான் பாஸ்கல்.

“நீ நின்னதுக்கு, நின்னுபோன வாச்சு. நாயமான யாவாரம்தானே?” என்றார்கள்.

ரோசியின் தாயார் இருதயம்மாள் கடற்கரையில் மீன் ஏலம் விடுபவர். அவர் ஒரு விலையைச் சொல்லி முடித்தால் அதற்குமேல் கடலே பேசாது. அடைக்கலமேரியை ஏலக் கூட்டத்தின் நடுவிலேயே நிறுத்திச் சொன்னார்: “மூணாவது ஓல படிக்கச்சொல்ல நானே எயுந்து தட சொல்றேன். கோல வித்தவன் நாளைக்கு எம் பொண்ணு கம்மல விக்க மாட்டானா?”

பாஸ்கல் சோற்றில் கை வைக்கவில்லை. ரோசி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு, மூன்று மடங்கு தூரம் நடந்து வேலைக்குப் போனான். இக்னேஷியஸ் மட்டும் வழக்கம்போல் சாப்பிட்டார். ஆனால் எதைச் சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சண்முகவேல், “அவன இப்டி பண்ண வெச்சவன் மட்டும் கையில கெடச்சான், ஹார்பர்ல நங்கூரத்தோட சேத்து எறக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டார். நங்கூரம் இறக்கச் சைகை காட்டும் வேலையும் சில நாள் தமக்குத்தான் விழும் என்பது இக்னேஷியசின் நினைவுக்கு வந்தது. திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதே சண்முகவேல் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா இக்னேசு, அன்னிக்கு நீ கோல் பக்கத்துல படம் புட்சிகினு இர்ந்தியே? அந்த ரோல கயுவு. பையன் தெகச்சி நின்னானா, இல்ல வேணும்னே வுட்டானான்னு தெரிஞ்சிபூடும்.”

“இன்னும் மூணு படம் பாக்கி கீதுபா.”

“எட்த்து முடி.”

“மோடம் போட்டுகீது.”

வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்கதாக ஒன்று எண்ணூர்ப் பக்கம் இருந்தது. அது போகும்வரை சண்முகவேல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆக ஆறாவது படம் சண்முகவேல். அவர் பின்னால் டீம் முழுவதும், பாஸ்கலைத் தவிர. எல்லார் காலடியிலும் யானை.

புதன்கிழமை ஏழாவதற்கு அடைக்கலமேரியே நின்றாள். கேமரா முன்னால் நிற்பதற்கு அதுவரை வெட்கப்பட்டவள், அன்று ஒரு வஞ்சிர மீனை வாளைப் போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் எடு, கொயம்பு வெக்கணும்” என்றாள். மீனும் அசையவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் இக்னேஷியஸ் கேமராவோடு கடலோரம் தனியாகப் போய் உட்கார்ந்தார். பின்மூடியின் கொக்கிமேல் கட்டைவிரலை வைத்தார். கொஞ்சம் திறந்தால் போதும். வெயில் உள்ளே போய் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். ‘கை தவறிவிட்டது’ என்றால் யார் என்ன கேட்க முடியும்? விரல் கால் மணி நேரம் அங்கேயே இருந்தது. அவரைத் தடுத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த ரோலின் முதல் படம் மாதா தேர். அவ்வளவு நேராக அவர் தேரை எடுத்ததே இல்லை. ஐந்தாவதை அழிக்க மற்ற ஆறையும் பலிகொடுப்பதற்கு அவருக்குக் கை வரவில்லை. மனசாட்சி பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடைக்கலமேரி தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். “எட்டாவதுக்கு இவன நிறுத்து. இன்னிக்கே காஜா பாய் கிட்ட கயுவ குட்த்துடலாம்.”

காலை வெயில் கடல் பக்கம். ஆகவே கட்டளைப்படி கடல் இக்னேஷியசின் முதுகில் இருந்தது; அலை கணுக்காலில் இருந்தது. பாஸ்கல் எதிரே பாறை ஓரம் நாலு நாள் தாடியோடு, தோள் தொங்கி, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இக்னேஷியஸ் குனிந்தார். வாய் கட்டளையை மறக்கவில்லை.

“அசையாதே!”

தொங்கிய தோள் நிமிர்ந்தது. கைகள் தொடையில் ஒட்டின. மோவாய் உயர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து மேலே வட்டமிட்ட காகம் ஒன்று அவன் காதருகே சர்ரென்று இறங்கிப் போயிற்று. அவன் இமைகூட அடிக்கவில்லை.

‘டிக்.’

அடைக்கலமேரி தம்பியைப் பார்த்தாள். காகம் போன திசையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“யோவ்.”

“இன்னா?”

“அன்னிக்கும் இதையே சொன்னியா?”

ஓர் அலை வந்து அவர் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. இக்னேஷியஸ் நகரவில்லை. நன்றாகத்தான் நின்றார்.

“மாமா?” என்றான் பாஸ்கல். அவன் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத ஏதோ ஒன்று மெல்ல வந்தது. “ஆமா. ஆமாங்கா! ஒரு சத்தம் வந்துச்சு. நம்ம வூட்டு சத்தமாச்சேன்னு நின்னுட்டேன்!”

“நீ வாய மூடு” என்றாள் அக்காள். “யோவ், இருதயம்மா கிட்ட நீயா சொல்றியா, நான் சொல்லட்டா?”

“படம் வரட்டும் மேரி. நானே வந்து சொல்றேன்” என்றார் இக்னேஷியஸ்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கு அடுத்தபடியாகக் கழுவப்படுவது ரோல்தான். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் காஜா மொய்தீன், கடையின் பின்அறையில் சிவப்பு பல்ப் எரியவைத்து அன்றே கழுவினார். சனிக்கிழமை காலை ஐந்தாவது படத்தைக் கையில் கொடுக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“இக்னேஷியசு, நீ எட்த்ததுலயே பஷ்டு படம் இதான். ஆனா இத மாட்டி வெக்கிறதா, ஒளிச்சி வெக்கிறதான்னு எனக்கே பேஜாராகீது.”

காஜா சொன்னது சரி. மூங்கில் நேராக இருந்தது. நடுவே பாஸ்கல், ஒரு மயிர் கலையாமல், பாஸ்போர்ட்டுக்கு நிற்பவனைப் போல் கேமராவை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் புகை இழுத்ததுபோல் பந்து போய்க்கொண்டிருந்தது. கீழே, கோட்டோரத்திலிருந்து அவன் கால்வரை நீண்டு, தொப்பியும் முழங்கையுமாக யானை.

இக்னேஷியஸ் அதை எடுத்துக்கொண்டு நேரே ஏலத்துக்குப் போனார். சண்முகவேலும் டீமும் பின்னால் வந்தார்கள். இருதயம்மாள் ஒரு கூடை சங்கரா மீனை விற்று முடிக்கும்வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றினார்.

“இருதயம்மா, பையன் விக்கல. நான்தான் ‘அசையாதே’ன்னு கத்தினேன். அவன் நின்னுட்டான். இதோ கீது பாரு, என் நெயல்.”

சண்முகவேல் நங்கூரத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இருதயம்மாள் கையைக் காட்டியதும் அது நின்றது. மீன் செதில் ஒட்டிய விரலால் படத்தைப் பிடித்து, எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

“பந்து வந்துகினு கீது.”

“ஆமா.”

“ஊரே கத்திகினு கீது. கோப்ப பூடும்னு இவனுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்பவும் வூட்டுப் பெரியவன் அசையாதேன்னான்னு, அசையல.”

“அசையல.”

இருதயம்மாள் படத்தை மடிச்சீலையில் துடைத்து, கூட்டத்தைப் பார்த்து, ஏலக்குரலில் தீர்ப்பு சொன்னார்: “எம் புருசன் உசுரோட இர்ந்த வரிக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நில்லுன்னா நின்னதில்ல. இவன் நிப்பான். நாளைக்கு ஓல படிக்கட்டும்!”

மூன்றாம் ஓலை தடையில்லாமல் படிக்கப்பட்டது. அதே சாயங்காலம் ஹார்பர் டீம் கூடி ஒரு தீர்மானம் போட்டது: இக்னேஷியஸ் மைதானத்துக்கு வரலாம், கேமராவும் வரலாம், வாய் வரக்கூடாது.

கல்யாணத்தன்றும் அடைக்கலமேரி அந்தத் தீர்மானத்தை அமல்படுத்தினாள். கோயில் வாசலில் புது ரோலின் முதல் படத்தை இக்னேஷியஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் எடுத்தார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இருதயம்மாளுக்கு இரண்டு தலை. சண்முகவேலுக்கு நாலு கை. ரோசி சிரித்துத் திரும்பியதில் அவள் முகமே ஒரு வெளிச்சமாகத்தான் விழுந்திருக்கிறது. பாஸ்கல் மட்டும் துல்லியம். யாரும் சொல்லாமலே நின்றிருக்கிறான். கையில் அந்தக் கடிகாரம், நாலே முக்காலில்.