நனைந்த வாக்குச்சீட்டு

தபால்தலையை உறையிலிருந்து பிய்க்கக் கூடாது, தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது பதினோரு வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உறைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். துபாயில் தேரா என்னும் பகுதியில் குடியிருந்தோம். அங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. கடிதமெல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். அப்பா ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் கிளார்க். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து எடுப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளி விடுமுறை முடிந்து சனிக்கிழமை ஆபீசில் கொடுப்பார். காலி உறைகள் எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் பைக்கு மேலே தடித்த உறை ஒன்று கிடந்தது. அதிலிருந்த அமெரிக்கத் தபால்தலைக்கு ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல் உறையின் மூலையைத் தட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பாதி உறை ஊறிப்போய் வாய் பிளந்திருந்தது.

"ஏட்டி, இது டீச்சரோட ஓட்டுச்சீட்டுல்லா" என்றார் அப்பா. அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஊருக்கு நடுவே ஓடும் க்ரீக் என்னும் கடற்கழியைப் படகில் கடந்து, எதிர்க்கரையில் பர்துபாயில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனோம். அப்பாவின் நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அந்த டீச்சர் செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று வரவழைக்க நாள் இல்லை என்றார். பிறகு முடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து சீட்டை மேசைமேல் விரித்தார். அப்பா இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

காயும்வரை டீச்சர் மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். அவருடைய மக்களைப் பட்டாளத்தை வைத்து மலைகளிலிருந்து விரட்டி, குளிரில் நடக்கவைத்து மேற்கே கொண்டுபோய் விட்டார்களாம். வழியிலேயே ஏராளமானோர் இறந்துபோனார்களாம். போன இடத்தில் மறுபடியும் சட்டம், சபை, நீதிமன்றம் எல்லாம் ஏற்படுத்திக்கொண்டார்களாம். தலைவரைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்த ஓட்டு. அந்த மக்களே நடத்தும் சூதாட்ட விடுதிகளால் பலருக்கு வேலை கிடைக்கிறது, வருமானத்தில் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் பணம் போகிறது என்றபோது அப்பா கொஞ்சம் நெளிந்தார். அப்புறம், எங்கள் ஊரிலும் அரசாங்கமே லாட்டரி விற்றது என்று சமாதானமாகச் சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டார்.

தன் மக்கள் இருக்கும் அந்த ஊரில் தான் குடியிருந்ததே இல்லை என்றும் டீச்சர் சொன்னார். அப்பாவால் நம்ப முடியவில்லை. பிறகு எப்படி ஓட்டு?

"என் கொள்ளுப்பாட்டியின் பெயர் பழைய பட்டியலில் இருக்கிறது. நான் எங்கே இருந்தாலும் அதை யாரும் அழிக்க முடியாது."

அதையே அப்பா இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மை கலையவில்லை. டீச்சர் குறி போட்டபோது அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, என் தலையையும் திருப்பிவிட்டார். சீட்டைப் புது உறையில் வைத்து ஒட்டி, கூரியரில் அனுப்பச் சொல்லி அப்பாவிடமே கொடுத்தார் டீச்சர். பழைய தபால்தலை எனக்குக் கிடைத்தது.

அன்று மாலையே அப்பாவோடு கூரியர் கடைக்கு நானும் போனேன். கவுண்டரில் இருந்த மலையாளியிடம், "நனைஞ்சிராதுல்லா சேட்டா?" என்று அப்பா கேட்டார். ரசீதை வாங்கிப் படித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"என்ன சேட்டா, மகளோட கல்யாண லெட்டரா?" என்று சிரித்தார் அவர்.

"அதைவிடப் பெரிசு" என்றார் அப்பா.

சில வாரம் கழித்து, தான் ஓட்டுப் போட்டவர் தோற்றுவிட்டார், ஆனால் தன் ஓட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று டீச்சர் ஆபீசில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாராம். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தோற்றதற்கு யாராவது கேக் கொடுப்பார்களா என்று அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

அதற்கு முந்தைய லீவில் ஊரில் தேர்தல். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூத்துக்குப் போன அப்பாவிடம், "நீங்கதான் வெளிநாட்டுல இருக்கியளே, லிஸ்ட்டுலருந்து பேரை எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் அந்தக் கூரியர் கடையில், அப்பா வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.