வெள்ளிக்கிழமைப் பூட்டு

என் மருமகளுக்கு ஒரு தடவை எங்கள் கட்டடம் முழுக்கக் கெட்ட பெயர் வந்தது. வயசான மாமியாரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று. வாசலில் பூட்டு தொங்கியது உண்மை. நான் உள்ளே இருந்ததும் உண்மை. பூட்டியவள் மட்டும் அவள் இல்லை. நான்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் பார்சல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் பெங்களூரில் ஈஜிபுரா என்கிற இடத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருக்கிறோம். மகன் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறான். மருமகளுக்கு அடுகோடியில் ஆபீஸ். ஒன்பதரைக்கு இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நான் ஒருத்திதான். கீழ்வீடு, கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது, உள்ளே எப்போதும் ஒரு கிழவி இருக்கிறாள். பார்சல் கொண்டு வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் இரண்டாம் மாடியில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திதான் ஆரம்பித்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு வரும். வாங்கி வைக்கறீங்களா?" சரி என்று தலையாட்டினேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆட்களைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்தபோதுகூட ஆஜர் கூப்பிட்டால் கையைத்தான் தூக்குவேன். தலையாட்டுவது சுலபம். முடியாது என்று சொல்வதற்குத்தான் வாய் வேண்டும்.

அந்த ஒண்ணே ஒண்ணு ஒரு மாதத்தில் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மேலே மணி அடித்துப் பார்க்கிற வழக்கமே நின்றுபோயிற்று. பைக்கை நிறுத்தினதுமே "அஜ்ஜி, தகொள்ளி!" என்று நீட்டிவிடுவார்கள். கன்னடத்தில் பாட்டி, வாங்கிக்கொள் என்று அர்த்தம். நானும் வாங்கிக்கொள்வேன்.

எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், இவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயேதான் இருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் ஒரு புருஷன் பெண்சாதி, இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஆளுக்கொரு ரூமில் காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். நாற்பது படி இறங்க முடியாது, மீட்டிங். ஆனால் பார்சல் வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தால் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா ஆன்ட்டி?" என்று கேட்க முடியும். அப்போது மீட்டிங் இல்லை.

அந்த இரண்டு பேரிடமும் இன்னொரு பழக்கம். அவர் பெண்சாதிக்குத் தெரியாமல் பூட்ஸ் வாங்குவார். "அவ கேட்டா ஒண்ணும் வரலைன்னு சொல்லிடுங்க ஆன்ட்டி, நான் சமயம் பார்த்து எடுத்துக்கறேன்." அந்த அம்மா புருஷனுக்குத் தெரியாமல் இரும்புத் தோசைக்கல், வாணலி என்று வாங்குவாள். "அவர் கண்ணுல படாம வைங்க ஆன்ட்டி." ஹாலில் கிடக்கும் என் கட்டிலுக்கு அடியில் அவருடைய பூட்ஸும் அவளுடைய வாணலியும் பக்கத்தில் பக்கத்தில் சமத்தாகப் படுத்திருந்தன. வீட்டுக்குள் அவர்கள் அவ்வளவு ஒட்டி இருந்தார்களோ என்னவோ.

அவர்களுக்கு எதிர்வீட்டில் இருக்கும் அந்த இரண்டு பெண்களும் துணியாக வாங்குவார்கள். வாங்கினதில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி வாங்க வருகிறவனுக்கும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவன் உடம்பை ஏற்றுவதற்கு ஏதோ மாவு வாங்குவான். ஒவ்வொரு டப்பாவும் அரிசி டிரம் மாதிரி. இரண்டு கையாலும் அணைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்த டப்பாவைத் தூக்கித் தூக்கி எனக்குத்தான் உடம்பு ஏறியிருக்கும். "நாளைக்கு எடுத்துக்கறேன் ஆன்ட்டி" என்பான். அந்த நாளைக்கு வர இரண்டு வாரம் ஆகும்.

ஓடிபி வேறு. காலையில் ஆபீஸ் போகிற அவசரத்தில் கேட்டருகே நின்று ஏலம் போடுகிற மாதிரி நாலு நம்பரைக் கத்திவிட்டுப் போவார்கள். நான் ஓடிப் போய் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிவைப்பேன். ராகுகாலத்துக்கு மேலே ஒரு ஓடிபி, சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓடிபி. ஒருநாள் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை இதெல்லாம்?" என்றாள். "சும்மா" என்றேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேரே மாடி ஏறிப் போய்க் கேட்டுவிடுவாள். அவள் வாய் என் வாய் மாதிரி இல்லை. சுருக்கமாகப் பேசுவாள், பேசினால் சுள்ளென்று இருக்கும். படியில் யாராவது எதிரே வந்தால் சிரிக்கக்கூட மாட்டாள், யோசனையாகவே போவாள். அதனாலேயே அவளுக்குத் திமிர் என்று மேலே பேச்சு உண்டு. இந்தப் பார்சலால் அந்தப் பேச்சு இன்னும் வளர வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், வெள்ளிக்கிழமையைத் தவிர.

வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். எனக்கென்று இருக்கிற ஒரே ஆடம்பரம் அதுதான். நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி உச்சி முதல் பாதம் வரை தேய்த்து அரை மணி நேரம் ஊறுவேன். சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிப்பேன். பிறகு தேங்காய் ஓட்டைச் சுட்டுத் தணலாக்கி, சாம்பிராணி போட்டு, கூந்தலை விரித்துக் காட்டுவேன். இப்போது அது கூந்தல் என்று சொல்லும்படி இல்லை, ஆனாலும் காட்டுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெயோடு உட்கார்ந்திருந்த அரை மணியில் ஏழு தடவை மணி அடித்தது. ஏழாவது தடவை அவசரத்தில் எழுந்து போய்த் தரையில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பித்தேன். அன்றைக்குத்தான் ஊருக்குப் போகும்போது போடுகிற பெரிய பூட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே வந்துவிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினதும் வெளியே வந்து வாசலில் பூட்டைத் தொங்கவிட்டேன். சந்தைச் சுற்றிப் பின்கதவால் உள்ளே வந்தேன். என் வீட்டுக்குள் நானே திருட்டுத்தனமாக வந்ததில் சிரிப்பு வந்துவிட்டது. மணி அடிக்கவே இல்லை. பைக் வரும், நிற்கும், "லாக் ஆகிதெ", பூட்டியிருக்கிறது என்று யாரோ யாரிடமோ போனில் சொல்வான், போய்விடுவான். அவ்வளவு நிம்மதியாக நான் பல வருஷமாகக் குளிக்கவில்லை.

இரண்டு வெள்ளி இப்படிப் போயிற்று. மூன்றாவது வெள்ளி காலையிலிருந்து தூறல். கூந்தல் காயவில்லை. சாம்பிராணியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டேன். புகை ஹால் ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது. எனக்கு இருமல் வேறு.

"ஹொகெ! ஹொகெ!" என்று வாசலில் ஒரு சத்தம். புகை என்கிறான். பார்சல்காரன், மாடியைப் பார்த்துக் கத்துகிறான். "மேடம், வீடு பூட்டியிருக்கு, உள்ளேயிருந்து புகை வருது!"

மாடியில் தடதடவென்று கால் சத்தம். மீட்டிங் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நாற்பது படியையும் ஒரே மூச்சில் இறங்கினார்கள்.

நான் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலைவிரிகோலமாக, தூபக்காலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஆம்பிளைக் குரல். எப்படி ஜன்னல் பக்கம் போவேன்? இருந்த இடத்திலிருந்தே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். புகையில் தொண்டை கம்மி, அழுகிற மாதிரி வந்தது.

"ஐயோ, ஆன்ட்டி உள்ளேதான் இருக்காங்க! அழறாங்க!" இது வாணலி அம்மா.

"அந்தப் பொண்ணு பூட்டிட்டுப் போயிருக்கா. போன வெள்ளிக்கிழமையும் பூட்டு தொங்குச்சு. உள்ள தண்ணி சத்தம் கேட்டுச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்களில் ஒருத்தி.

"அவ முகத்தைப் பார்த்தாலே தெரியுமே. வாயைத் திறந்து ஒரு குட்மார்னிங் சொல்லியிருப்பாளா?" என்றாள் இன்னொருத்தி.

"பாப, அஜ்ஜி" என்று பரிதாபப்பட்டாள் முதல் மாடி ஓனரம்மா. "எவ்வளவு சாது! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. அதான் இப்படி."

யாரோ பூட்டைப் படம் எடுத்தார்கள். கட்டடத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, தண்ணீர் வராவிட்டால் எல்லோரும் அதில் கத்துவார்கள். அதில் போட்டுவிட்டார்கள். அந்த குரூப்பில் என் மருமகளும் இருக்கிறாள். சாவியோடு அவள் வரட்டும் என்று எல்லோரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

நான் உள்ளே அவசர அவசரமாகப் புடவை சுற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. என் மருமகள் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது மணி பார்த்து ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட்டவள். கொசுவம் சரியாக வரவில்லை. பிரித்துப் பிரித்துச் சுற்றியதிலேயே கால் மணி நேரம் போயிற்று. இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு பின்கதவால் இறங்கிச் சந்தைச் சுற்றி ஓடினேன். என் முட்டிக்கு அதுதான் ஓட்டம்.

நான் முன்பக்கம் வருவதற்கும் அவள் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்ற வந்த கூட்டத்துக்குக் கடைசியில், ஈரத் தலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க சொந்த அம்மாவா இருந்தா பூட்டுவீங்களா?" என்று கேட்டார் பூட்ஸ்காரர்.

அவள் கதவையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாவி... என்கிட்ட இல்ல" என்றாள். "முதல்ல கதவை உடைங்க. அத்தை உள்ள இருக்காங்க. உடைங்க." சுள்ளென்று பேசுகிறவள் குரல் உடைந்துபோய் வந்தது.

"பூட்டினது நான்" என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. பார்சல்காரன் மட்டும் திரும்பினான். என்னைப் பார்த்தான். பயப்படுவான், கத்துவான் என்று நினைத்தேன். அவனுக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஆ, அஜ்ஜி! செகண்ட் ஃப்ளோர். தகொள்ளி" என்று கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினான்.

நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். எனக்கும் பழக்கம்.

பொட்டலம் கையில் ஏறினதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "பூட்டினது நான்தான்!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். "அவளைச் சொல்லாதீங்க. அவளுக்குத் தெரியாது. நான்தான் பூட்டிட்டுப் பின்பக்கமா உள்ள போனேன். வாரத்துல ஒரு நாள் நிம்மதியாக் குளிக்கணும். இதுக்குப் பயந்துதான் பூட்டினேன்" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன்.

நானே போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினால் சாம்பிராணி மணம் முதலில் வந்தது. புகை கலையக் கலைய உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. சோபா மேல் துணிப் பொட்டலங்கள். டிவிக்குப் பக்கத்தில் மாவு டிரம் இரண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸ் படம் போட்ட அட்டைப்பெட்டி எட்டிப் பார்த்தது.

"இது யாருது?" என்றாள் வாணலி அம்மா.

"அதுக்குப் பக்கத்துல இருக்கறது யாருது?" என்றார் அவர்.

மருமகள் அவர்களைக் கவனிக்கவே இல்லை. என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஈரமா இருக்கு" என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கோபம் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தை? நான் என்னவோ ஏதோன்னு வந்தேன். ஆட்டோவுல உயிரே இல்ல எனக்கு." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். வலிக்கிற மாதிரித்தான் துவட்டினாள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் அந்தப் படம் இன்னும் குரூப்பில் அப்படியே இருந்தது. வாசலில் நான் கத்தினதைக் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் ஆபீஸிலிருந்தபடி படத்தை மட்டும் பார்த்தவர்கள். "விடுங்க அத்தை, நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "படம் போன இடத்துக்கெல்லாம் என் குரலும் போகணும். அந்தப் போனை இப்படிக் கொடு" என்றேன்.

போனைக் கையில் வாங்கினதும் வாய் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை வெறும் மூச்சுதான் பதிவானது. இரண்டாம் தடவை இருமல். நாலாவது தடவைதான் வந்தது: "கீழ்வீட்டு ஆன்ட்டி பேசறேன். பூட்டினது நான். என் மருமக தங்கம். வெள்ளிக்கிழமை பார்சல் வாங்க மாட்டேன். வச்சிடறேன்." தங்கம் என்றதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கை கூப்பின படமும் கட்டைவிரல் படமுமாக வந்து விழுந்தன. ஓனரம்மா ஸாரி என்று போட்டிருந்தாள். கடைசியாக மூன்றாம் மாடிக்காரன்: "ஸாரி ஆன்ட்டி. என் ரெண்டு டப்பா அங்கதானே இருக்கு? நாளைக்கு எடுத்துக்கறேன்." அதைப் படித்துவிட்டு மருமகள் சிரித்தாள் பாருங்கள், அடுப்பிலிருந்த பால் பொங்கினதுகூடத் தெரியவில்லை.

ஓனரம்மா படிக்கு அடியில் ஒரு இரும்பு அலமாரி போட்டுவிட்டாள். மற்ற நாட்களில் பார்சல் பாதி அங்கே போகிறது, பாதி இன்னும் என்னிடம்தான் வருகிறது. அவர்கள் பழக்கமும் முழுசாகப் போகவில்லை, என் தலையாட்டலும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. இப்போது நான் சந்தைச் சுற்றுவது இல்லை. மருமகளே ஆபீஸ் கிளம்பும்போது பூட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். படியில் ஆட்கள் இறங்குகிற நேரமாகப் பார்த்து, மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "அத்தை, உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன்!" என்பாள்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து நானும் அதே சத்தத்தில் சொல்வேன்: "நல்லா இழுத்துப் பார்த்துட்டுப் போம்மா!"