ஈயம் வைத்த மட்டை

எங்கள் குடியிருப்பில் அப்போது மனிதர்களைவிட வீடுகள் அதிகம். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. வேலைக்கு ஆட்கள் வந்து சேருவதற்கு முன்பே அவர்களுக்கான வீடுகளை வரிசையாகக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, எண் எழுதிப் பூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் எங்களையும் சேர்த்து மூன்றே குடும்பங்கள். பக்கத்து வீட்டில் வங்காளம் பேசினார்கள், எதிர்வீட்டில் மராத்தி. அம்மாவுக்குத் தெரிந்ததோ திருநெல்வேலித் தமிழ். வாசலில் பார்த்தால் மூன்று பெண்களும் சிரித்துக்கொள்வார்கள், பிறகு அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். செங்கல்பட்டுக்குப் போகலாமென்றால் பஸ் வர வேண்டும். அது தனக்கு மனசு வந்தபோது வரும்.

கல்யாணத்துக்கு முன் அம்மா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். வகுப்பு நிறையப் பிள்ளைகள் முன் நின்று பேசியவளுக்கு இங்கே பேச்சுத்துணை நானும் கிணற்றடிக் காக்கையும்தான். காக்கைக்காவது போக இடமிருந்தது. அப்பா காலையில் ஜீப்பில் போய் அந்திசாயும் நேரம் திரும்புவார். காப்பியை வாங்கிக்கொண்டு செய்தித்தாளை விரித்தாரானால் சாப்பாட்டுக்கு அழைக்கும்வரை அவர் முகத்தை நாங்கள் பார்க்க முடியாது. அப்பா கெட்டவர் இல்லை. வீட்டில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் கோல்ஃப் வந்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் இருந்த மணல்வெளியைச் சமப்படுத்தி, அதிகாரிகள் தங்களுக்கென்று ஒரு மைதானம் செய்துகொண்டார்கள். புல்லுக்குத் தண்ணீர் ஏது? மணலில் கழிவு எண்ணெயை ஊற்றி இறுக்கி, நடுவில் பால்பவுடர் டின்னைப் புதைத்தால் அதுதான் குழி. ஞாயிற்றுக்கிழமை தோறும் தொப்பியும் கால்சட்டையுமாக அங்கே கூடுவார்கள். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் அப்பாவிடம் ஒரு ஒற்றை மட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நீளமான இரும்புக் காம்பு, அடியில் கத்திபோல் மெல்லிய இரும்புத் தலை. அதை வைத்துக்கொண்டு அப்பாவும் போனார்.

போனவர் அவமானத்தை வாங்கிக்கொண்டு வந்தார். எப்படி அடித்தாலும் பந்து வலதுபக்கம் வளைந்து தாழம்புதருக்குள் போய் விழுந்தது. மற்றவர்கள் ஆட்டத்தை முடித்து எலுமிச்சை ஜூஸ் குடிக்கும்போது அப்பா முள்ளுக்குள் கையைவிட்டுப் பந்து தேடிக்கொண்டிருப்பார். கடைசியில் அந்தப் புதருக்கு அவர் பேரையே வைத்துவிட்டார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஜீப் டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அம்மா ஒருநாள் அந்த மட்டையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு, துடைப்பக் கழியின் இரண்டு முனையிலும் தண்ணீர் நிரப்பிய சொம்பு ஒவ்வொன்றைக் கட்டி, நடுவில் பிடித்துத் திருப்பச் சொன்னாள். லேசில் திரும்பவில்லை. பிறகு இரண்டு சொம்பையும் நடுவே என் கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டினாள். இப்போது கழி சட்டென்று திரும்பியது, பாவாடை நனைந்தது. அதே கனம்தான். ஆனால் ஓரத்தில் இருக்கும்போது அசைய மறுக்கிறது. பந்து மட்டையின் ஓரத்தில் படும்போது தலை திரும்பிக்கொள்கிறது, அதனால்தான் பந்து கோணிப் போகிறது, தலையின் இரண்டு ஓரத்திலும் கனத்தைச் சேர்த்தால் திரும்பாது என்று அம்மா எனக்கு விளக்கினாள். எனக்கு நனைந்த பாவாடைதான் புரிந்தது. ஆனால் அம்மாவின் முகம் அத்தனை பளிச்சென்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கனத்துக்கு ஈயம் வேண்டும். மீன் விற்க வருகிறவளிடம் அம்மா கேட்டாள். அவர்கள் வலையின் அடியில் ஈயக்குண்டு கட்டுவார்கள்.

"இன்னாத்துக்கும்மா ஈயம்? நீயும் வலை கட்டப் போறியா?" என்று கூடையை இறக்கிவைத்தாள் மீன்காரம்மா.

பந்தடிக்கிற மட்டைக்கு என்று அம்மா சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பந்தடிக்கக்கூடவா ஈயம் வோணும்? சர்தான். எங்கூட்டு ஆளோட பழைய வலை ஒண்ணு கெடக்குது, நாளிக்கு எத்துகினு வரேன்."

வந்த குண்டுகளைப் பின்வாசல் படிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, மட்டைத் தலையின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் அரக்கை உருக்கி ஒட்டினாள் அம்மா. பார்சலுக்கு முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கு. அப்பா பார்த்துவிட்டு, என்ன இது கம்மல் போட்ட மாதிரி என்று கேலி செய்தார். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார். புதருக்குப் பந்து தேடிப் போவதைவிடக் கம்மல் மேல் என்று நினைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அரக்கு இளகிவிட்டது. அப்பா ஓங்கி அடித்தபோது பந்து நேராகப் போனது, ஈயத் தகடு பக்கவாட்டில் போனது. போன தகடு பெரிய அதிகாரி ஒருவரின் தொப்பியைத் தட்டி விழவைத்தது. அவர் துப்பாக்கிச் சூடு என்று நினைத்து மணலில் குப்புறப் படுத்துவிட்டாராம்.

அன்று அப்பா செய்தித்தாளை எடுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்தார். கத்தப்போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதிகாரி படுத்ததை அப்பா நடித்துக் காட்டினார். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பந்து நேராப் போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றாள்.

பந்து நேராகத்தான் போயிருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டு மாலைகள் மாறிப்போயின. அப்பா பணிமனையில் சொல்லி மட்டைத் தலையில் துளை போட்டு, தகடுகளைத் திருகாணியால் முடுக்கும்படி செய்துகொண்டு வந்தார். வேலை முடிந்து வந்ததும் பின்வாசலுக்குப் போவார். மட்டையின் முகத்தில் அம்மா சாக்கட்டியைத் தேய்த்துக் கொடுப்பாள். சவுக்குத் தோப்பைப் பார்த்து அப்பா அடிப்பார். பந்து பட்ட இடத்தில் சாக்கட்டிப் பூச்சு அழிந்து வட்டமாகத் தெரியும். இருவரும் தலையோடு தலை சேர்த்து அந்த வட்டத்தைப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு தகடு கூட்டு, அந்தப் பக்கம் குறை என்று அம்மா திருப்புளியை வைத்துக்கொண்டு சொல்வாள். இருட்டியதும் பின்வாசல் பல்பைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவார்கள். மட்டையில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போகும். பள்ளிக்கூட லேபில் தராசை உடைத்த பிள்ளையைப் பற்றி அம்மா சொல்வாள். கான்கிரீட் போடுகிற இடத்தில் அன்று நடந்ததை அப்பா சொல்வார். அவர்களுக்கு நடுவில் நான் படுத்துக்கொள்வேன். கடல் இரைச்சல் அதுவரைக்கும் எனக்குப் பயமாகவே இருந்தது. அந்த நாட்களில் அது காதிலேயே விழவில்லை.

ஒருநாள் மட்டை சரியாகிவிட்டது. அடித்த பந்தெல்லாம் கோடு கிழித்ததுபோல் போனது. அடுத்த நாள் மாலை அப்பா காப்பியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அடிக்கலையா?" என்று அம்மா சாக்கட்டியோடு வந்து நின்றாள்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா தாளை விரித்தார்.

அம்மா சாக்கட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பின்வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் எழுந்து வந்தபோது அம்மா படிக்கல்லில் உட்கார்ந்து மட்டையிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் யாரோ ஒரு நண்பருக்குக் காட்டுவதற்காக அப்பா பந்தை அடித்தார். அது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் போய் விழுந்தது. நண்பர் போனதும், "ஏ, இங்க வந்து பாரேன், என்னமோ கோளாறு" என்று அப்பா கூப்பிட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மறுபடியும் சாக்கட்டி, மறுபடியும் பல்பு, மறுபடியும் படிக்கட்டில் பேச்சு.

அப்புறம் இது வாடிக்கையாகிவிட்டது. சரியாகும், இரண்டொரு நாளில் கெட்டுப்போகும். விடுமுறை நாட்களில் அம்மா தகட்டைக் கழற்றுவதையும் இடம் மாற்றுவதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டினேன். பாவம், சரியாக இருப்பதை மேலும் சரிசெய்யப் போய்த் தப்பாக்கிவிடுகிறாள். எனக்கும் வகுத்தலில் அப்படித்தான் ஆகும். அப்பாவிடம் சொல்லலாமா என்று நாக்குவரை வரும். சொன்னால் டீச்சராக இருந்த அம்மாவுக்கு அவமானம் என்று அடக்கிக்கொள்வேன். அப்பாவோ கடற்காற்றின்மேல் பழிபோட்டார். உப்புக் காற்றில் இரும்பு ஒரு மாதிரி நடந்துகொள்ளும் என்று எனக்குப் பாடமே எடுத்தார்.

அப்போதுதான் பம்பாயிலிருந்து மேலதிகாரி வருகிறார் என்ற செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜோடி ஜோடியாகப் போட்டி, மேலதிகாரிக்கு ஜோடி அப்பா. யார் வேண்டுமென்றே இந்த வேலையைச் செய்தார்களோ தெரியாது. புதருக்குப் பேர் வைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு மட்டும் கோணிக்கிட்டுப் போச்சுன்னு வையி, அந்தப் பயலுவ மொகத்துல நான் முழிக்க முடியாது" என்றார் சனிக்கிழமை. அப்பா அம்மாவிடம் பயத்தைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"கோணாது. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

அவர் வெளியே போனதும் அம்மா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு தகடுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தி, திருகாணிகளைப் பல்லைக் கடித்து முடுக்கினாள். கடைசியில் அப்பாவின் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, திருகாணித் தலைகளை ராவத் தொடங்கினாள். திருப்புளி பதியும் பள்ளம் இருந்த இடமே தெரியாமல், தகட்டோடு மட்டமாகும்வரை ராவினாள். இனி அதை யாராலும் கழற்ற முடியாது. விரலில் தோல் உரிந்திருந்தது. இவ்வளவு அழகுவேலை எதற்கு, மேலதிகாரி மட்டையைத் திருப்பியா பார்க்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வரும்போதே வாயெல்லாம் பல். புதர்ப்பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை. மேலதிகாரி தோளில் தட்டி, மட்டையை வாங்கிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டாராம். என் வீட்டுக்காரிதான் என்று அப்பா சொன்னாராம். நல்ல ஜோக் என்று எல்லோரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அப்பாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அப்பா மட்டையைத் துணியால் துடைத்து, பீரோவுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாத்திவைத்தார். அம்மாவைப் பார்த்து, அவரால் முடிந்த அளவு அன்போடு, "இனிமே இதுல கையே வைக்காண்டாம், கேட்டியா? இதுக்கு மேல ஒண்ணுமே செய்யதுக்கு இல்ல" என்றார்.

திங்கட்கிழமை மாலை அப்பா காப்பி குடித்துவிட்டுத் தாளை விரித்தார். அம்மா பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பல்பு போடவில்லை. நான் போய் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தேன். கடல் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. அம்மா விரலில் தோல் உரிந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பழைய தப்புகளை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"இனிமே தப்பே வராதுல்லாம்மா?" என்றேன், ஆறுதலாக.

"வராதுட்டி" என்றாள் அம்மா. "இனிமே வராது."

அவளுடைய தப்புகளை அப்பாவிடம் காட்டிக்கொடுக்காமல் கடைசிவரை காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள், நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.