பெருமாளிடம் வாங்கிய கைமாற்று

சிறுசேமிப்பு ஏஜெண்டு வேலைக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நல்ல குதிகாலும், "அடுத்த வாரம் வா" என்பதை முகம் மாறாமல் கேட்கிற காதும் இருந்தால் போதும். எழுபதுகளின் கடைசியில் நான் இந்த வேலைக்கு வந்தேன். சாலவாக்கம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக ஏறி, மாதம் ஐந்தும் பத்துமாக வாங்கி, உத்திரமேரூர் தபாலாபீசில் கட்ட வேண்டும். ஐந்து வருஷம் விடாமல் கட்டினால் மொத்தமாகப் பணம் வரும். ஜனங்கள் அதை 'போஸ்டாபீசு சீட்டு' என்பார்கள். என்னைப் போல ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

காசு வெளியே போகாத கிழமைகள்

வெள்ளிக்கிழமை காசு கொடுத்தால் லட்சுமி வீட்டைவிட்டுப் போய்விடுவாள். செவ்வாய்க்கிழமை ஆகாது. அமாவாசைக்கு மறுநாள் ஆகாது. நல்ல நாளாகப் பார்த்துப் போனால் ராகு காலம், எமகண்டம். விளக்கு வைத்த பிறகு கேட்டாலோ என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். தபாலாபீசுக்கு இதெல்லாம் தெரியாது, கெடு தாண்டினால் அபராதம் போட்டுவிடும். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாளில் டவுன் பஸ் வராது.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், கன்னியம்மா வீட்டு வாசலில் நின்று, "லட்சுமி என் பைக்குத்தானே வரப்போறா? என் பை என்ன சுடுகாடா?" என்று கத்திவிட்டேன். கன்னியம்மாவும் அவள் புருஷன் முனுசாமியும் இரண்டு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறவர்கள், சாமி காரியத்தில் ஒரு குறை வைக்க மாட்டார்கள். நல்ல நாளும் அதுவுமாகச் சுடுகாடு என்றதற்கு வேறு ஒருத்தியாக இருந்தால் என்னைத் துரத்தியிருப்பாள். அவள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வெள்ளிக்கெயமன்னா மோர குட்ச்சிட்டு கெளம்புக்கா. நாளைக்கி பொயுது விடிஞ்சதும் துட்ட நானே பஸ் நிக்கிற எடத்துக்கு எட்த்தாந்து குடுக்கிறேன்."

யார் பேரில் கணக்கு?

அவர்கள் கணக்கு தொடங்கிய கதையே தனி. அந்த வீட்டுச் சாமி மாடத்தில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய பித்தளைத் தவலை ஒன்று இருந்தது. மூத்த பெண் செல்விக்கு மூன்று வயதில் ஜுரம் கண்டு, பிழைக்க மாட்டாள் என்று ஆனபோது முனுசாமி ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாராம். நெல் விற்றாலும் பால் விற்றாலும் முதல் பங்கு தவலைக்குள் போகும். செல்விக்குக் கல்யாணம் ஆவதற்குள் அவ்வளவையும் திருப்பதி உண்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

"மொதல்ல அவுருக்கு, அப்பாலதான் நமக்கு. சீட்டையும் பெருமாளு பேர்லியே போட்டுரு" என்றார் முனுசாமி. அப்படி ஒரு ஃபாரம் கிடையாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு தபாலாபீசுக்கே வந்துவிட்டார். கடைசியில் கன்னியம்மா பேரில், மாதம் பத்து ரூபாய்க்குக் கணக்கு ஆயிற்று. அவரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, போஸ்ட்மாஸ்டர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் சொன்னார்:

"பெருமாள் ஒருதரம் நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும்பா, நான் நின்ன நெலையில கணக்கு தொறந்துடறேன்."

புதன்கிழமைக்குள்

நாலாவது வருஷம் ஏரி நிரம்பவில்லை. அந்த வருஷம் பார்த்துத்தான் செல்விக்குக் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவர்கள் பரம்பரையில் டீச்சர் என்று ஒருத்தர் கிடையாது. ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் சேர்த்துப் புதன்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சீட்டில் பாதியை முன்னாலேயே எடுக்கலாம், ஆனால் மாடு செத்தபோது அதையும் எடுத்தாயிற்று. கன்னியம்மாவின் கம்மல் அடகில் இருந்தது. நான் போனது திங்கட்கிழமை. செல்வி மூலையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, தவலையில இருக்கே" என்றேன். முனுசாமி முகம் கறுத்துவிட்டது. "சாமி துட்ட தொடச் சொல்றியா? சீட்டு வாங்கறதுதான் உன் வேல, அத்தோட நில்லு" என்றார். எனக்கும் சுர்ரென்று ஏறியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கன்னியம்மா அந்த மாதத்துப் பத்து ரூபாயை என் கையில் வைத்துவிட்டு, என்னிடம் பேசுகிற மாதிரி புருஷனுக்குச் சொன்னாள்:

"ஏக்கா, எட்த்துக்கினாதான பாவம்? வட்டி போட்டு கடனா வாங்கினா பெருமாளு வாணாம்னா சொல்லுவாரு?"

உத்தரவு கேட்டது

முனுசாமி எழுந்து கிணற்றடிக்குப் போனார். பிறகு குளித்துவிட்டு வந்து, பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். ஒரு காகிதப் பொட்டலத்தில் துளசி, இன்னொன்றில் சிவப்பு அரளி. துளசி வந்தால் உத்தரவு, அரளி வந்தால் இல்லை. வேண்டுதலில் பங்கில்லாத வெளி ஆள் எடுக்க வேண்டுமாம், அதனால் நான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று பெருமாள் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுப் பொட்டலங்களை வைத்தார். நான் எடுத்துப் பிரித்தேன். அரளி. செல்வி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு பெண்ணின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பு கூசியது.

அவ்வளவுதான், எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. அரளியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வட்டி பத்தலன்றாரு" என்று முனகிவிட்டு, ஒன்றரை வட்டி என்று சொல்லித் திரும்பக் கட்டினார். மறுபடி அரளி. "சரி, ரெண்டு வட்டி" என்றார். யாரையும் கேட்காமல் பொட்டலங்களை மறுபடி கட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த வீட்டில் செல்வியைவிட அதிகமாக அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவர் அவர்தான். "ரெண்டு வட்டின்னா அடகு கடையிலியே வாங்கிக்கலாமே" என்று கன்னியம்மா முணுமுணுத்தாள். "அவன் நக கேப்பான். இவுரு கேக்கல" என்றார்.

மூன்றாம் தடவை எனக்குக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். துளசி. செல்வி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். ஆனால் முனுசாமி அழவில்லை, முறையாகச் செய்ய வேண்டும் என்று நின்றார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, பெருமாளுக்கு ஒரு கடன் பத்திரம் என்னையே எழுதச் சொன்னார். அவர் கையெழுத்துப் போட, நான் சாட்சி போட்டேன். பத்திரத்தை மடித்துத் தவலைக்குள் போட்டுவிட்டுப் பணத்தை எடுத்தார். என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"குடுக்க மாட்டேன்னு அவுரு சொல்லவே இல்ல, ஏஜெண்டம்மா. வட்டி பத்தலன்னுதான் சொன்னாரு."

கடன் அடைந்த நாள்

அடுத்த வருஷம் சீட்டு முடிந்தது. தபாலாபீஸ் ஜன்னலிலேயே முனுசாமி பணத்தைப் பிரித்தார். தவலையில் எடுத்ததும் அதற்கு ரெண்டு வட்டியும் பெருமாளுக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சள் துணிக்குப் போக, கன்னியம்மா கையில் கம்மலை மீட்கக்கூட மிஞ்சவில்லை. ஐந்து வருஷம் வெயிலில் அலைந்து நான் சேர்த்த பணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செல்வி இன்னும் வேலைக்கே போகல. கல்யாணத்துக்கு முன்னாடி உண்டியல்ல போட்டாப் போதும்னுதானே வேண்டுதல்? பெருமாளுக்கு இப்ப என்னண்ணா அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முடிச்சை இறுக்கிப் பல்லால் இழுத்துக் கட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"சின்னவ ஒம்பதாவது படிக்கிறா, ஏஜெண்டம்மா. நர்சு ஆவணும்னு சொல்லிக்கினு கீறா. இந்தக் கடன ஒயுங்கா கட்டினாதான அவளுக்குன்னு போயி கேக்க எனக்கு மூஞ்சி இருக்கும்?"

என் தொழிலில் எத்தனையோ கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன். கொடுத்தவரும் வாங்கியவரும் இன்றுவரை என்னைத் திட்டாத கடன் அது ஒன்றுதான்.