பேராசைக்கு லாரி ஓட்டத் தெரியாது

பட்டிமன்றத் தலைப்பை மாற்றிவிட்டார்கள் என்பது மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் எனக்குத் தெரிந்தது. முதலில் தந்த தலைப்பு, ‘ஆசியாவில் மூண்ட போருக்குப் பொறுப்பு வெள்ளையனா, ஜப்பானியனா?’ நான் ஜப்பானியன் என்ற கட்சி. ஏழு நிமிடப் பேச்சை வீட்டில் பன்னிரண்டு முறை பேசிப் பார்த்திருந்தேன். புதிய தலைப்பு, ‘போருக்குக் காரணம் பேராசையா, அறியாமையா?’ அதில் என்னைப் பேராசைக் கட்சியில் போட்டிருந்தார்கள்.

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?” என்றேன்.

நிகழ்ச்சி நடத்தும் பெம்பான் ஊர்க் கோயில் தலைவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு சாப்பாடு, நாற்காலி எல்லாம் செங் தொழிற்பேட்டையில இருக்கிற ஜப்பான் கம்பெனி ஸ்பான்சர், அங்கிள். மேனேஜரு முன்வரிசையில உட்கார்ந்திருக்காரு லா.”

“அவருக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து உங்க மகதான் இங்கிலீஷ்ல சொல்லப் போகுது.”

என் மகள் அந்தக் கம்பெனி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். நான் பேசுவதை அவள் வாயால்தான் அவர் கேட்பார். ஆனால் எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது; இனி எப்போது பேசுவது?

ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் சொன்னேன்: “எங்கப்பாவ ரப்பர் தோட்டத்துல இருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏத்திட்டுப் போனது பேராசை இல்ல. பேராசைக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஓட்டுனவன் ஜப்பான் சிப்பாய். நான் அப்ப கைக்குழந்தை. போனவரு செத்தாரா, இருக்காரான்னு ஒரு சேதி இல்ல. எங்கம்மா சாகுற வரைக்கும் பொட்ட அழிக்கல. அது பேராசையால வந்த பொட்டா, அறியாமையால வந்த பொட்டா? நடுவர் ஐயா சொல்லட்டும்.”

நடுவர் மணி அடித்தார். எதிரணியில் ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாண வம்சம், அறியாமைக்குப் பேச வேண்டியவர். எழுந்து நின்றார்.

“அப்ப நானும் பழைய தலைப்பைத்தான் பேசப்போறன். அவன் வந்தான் எண்டால், வர விட்டிட்டு ஓடினவன் ஆர்? இந்தச் சனத்தைக் கப்பலில கொண்டுவந்து இறக்கினவன் வெள்ளைக்காரன். ஓடேக்கை தோட்டத்துத் துரை தன்ர நாயைக் காரில ஏத்தினவன். லயத்துக் கூலிச் சனத்தை ஏத்தினவனோ?”

“ஏத்தல!” என்றேன் நான். “அதுக்காக லாரி ஓட்டுனவன் தப்பிச்சிட முடியாது, சார்!”

“தப்பச் சொல்லேல்லை. ரெண்டு பேரையும் கூண்டில ஏத்தும் எண்டுறன்!”

மணி ஐந்து முறை அடித்தது. நாங்கள் நிறுத்தவில்லை. கூட்டம் கைதட்டியது. என் கண் முழுக்க முன்வரிசையில் இருந்தது. மகளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். நான் தொடங்கினால் அவளும் தொடங்கினாள்.

நடுவர் பேராசையே காரணம் என்று தீர்ப்புச் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். “பேராசை வந்தா அதுக்குப் போர்த்துங்க,” என்று விலகிக்கொண்டேன். தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எல்லாத்தையும் சொன்னியா?”

“துரை நாய் வரைக்கும் சொன்னேன்.”

“வேலைக்கு ஏதாச்சும்...”

“தெரியாது, அப்பா. நான் மாத்திச் சொல்லியிருந்தா நீங்க உதட்டைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க.”

“அந்த ஆளு என்ன சொன்னாரு?”

“சாப்பிடாமப் போயிட்டாரு. பாவம், அவரு அப்ப பொறக்கக்கூட இல்ல.”

“நான் மட்டும் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்? தொட்டில்ல கிடந்தேன். எனக்கு யாரும் பாவம் பார்க்கல.”

அவள் தன் பாயசத்தை என் பக்கம் நகர்த்தினாள். என்னுடையதையும் குடித்தேன், அவளுடையதையும் குடித்தேன். அப்பா போட்ட தண்டவாளத்துக்குக் கூலியாக ஜப்பானிடமிருந்து எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்து சேர்ந்தது அந்த இரண்டு குவளைதான்.