முப்பத்தேழே கால் அங்குலப் படம்

தவமலர் 1949 மார்ச்சில் உடுப்பிட்டியில் பிறந்தவர். 1978இல் கணவர் பேரின்பநாதனுடன் நியூஜெர்சிக்கு வந்து, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் தங்கியிருந்த என் மகனின் அப்பார்ட்மென்டுக்கு நேர் மேலே குடியிருந்தார். மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை 6.40க்குப் படியிறங்கும் சத்தம் கேட்கும். ஒரு நாளும் பிந்தியதாக என் குறிப்பில் இல்லை.

அவருக்கு ஒரே தம்பி தர்மராசா, கொழும்பில் வங்கி எழுதுநர். 1983 ஜூலைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கொழும்பு வீடு எரிந்தபோது குடும்பப் படங்கள் எல்லாம் எரிந்துவிட்டன. 1985 நவம்பரில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த அட்டைக் குழாய்க்குள் ஒரு படம் மட்டும் இருந்தது. 1972இல் அவன் படித்த பள்ளிக்கூடம் முழுவதையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. நீளம் முப்பத்தேழே கால் அங்குலம், அகலம் எட்டுக்கு ஒரு நூல் குறைவு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்றாம் வரிசையில் இடப்பக்கமிருந்து எட்டாவது ஆள் தர்மராசா.

விரிக்கும்போதெல்லாம் படம் சுருண்டுகொண்டது. விளிம்பில் வெடிப்பும் தொடங்கியிருந்தது. கடைகளில் கிடைத்த பிரேம்கள் எட்டுக்குப் பத்து, பதினொன்றுக்குப் பதினான்கு, பதினாறுக்கு இருபது. அளவெடுத்துச் செய்து தர நூற்றுப் பதினெட்டு டாலர் கேட்டார்கள். பேரின்பநாதனுக்கு அப்போது வேலை போயிருந்த நேரம்.

கடைக்காரர் ஒரு மலிவான வழி சொன்னாராம். தம்பியை மட்டும் பெரிதாக்கி எட்டுக்குப் பத்தில் போட்டுவிடலாம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு டாலர்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கிறான்" என்றேன்.

"மாமா, ஒற்றை ஆளைப் பிரேம் போட்டுச் சுவரிலை கொழுவினா, வாற சனம் முதல்லை என்ன கேக்கும்? எப்ப நடந்தது எண்டுதான் கேக்கும்" என்றார் தவமலர்.

"அடுத்தது, மாலை எங்கை எண்டு கேக்கும்" என்றார் பேரின்பநாதன்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவன் அந்த முந்நூறு பேரோடையே நிக்கட்டும் மாமா. அப்பிடி நிண்டா அது பள்ளிக்கூடப் படம்."

வழி தேடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பது கடைகள் ஏறி இறங்கிய பின், 1986 ஏப்ரல் 12 அன்று, கதவில் மாட்டும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று கண்ணில் பட்டது. ஆறு டாலர். கண்ணாடியைக் கழற்றினால் அதன் சட்டம் படத்துக்குத் தாராளம். அந்த நீளத்துக்குக் கண்ணாடி வெட்டினால் உடையும் என்பதால், ஹார்ட்வேர் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி வாங்கினோம். சுருளை நிமிர்த்த, பின்னால் பழைய பத்திரிகைத் தாள்களை மடித்து வைத்து, படத்தைத் தகட்டோடு இறுக்கினேன். என் குறிப்பேட்டில் எல்லா அளவுகளுக்கும் கீழே 'இடைவெளி: இல்லை' என்று எழுதினேன். நல்ல வேலை என்றே நினைத்தேன்.

"நூறு டாலர் மிச்சம். மாமாவுக்கு ஒரு கடை போட்டுக் குடுக்கலாம்" என்றார் பேரின்பநாதன்.

படம் வாசல் பக்கச் சுவரில் ஏறியது. தவமலர் வேலைக்குப் புறப்படும்போது மூன்றாம் வரிசையில், இடமிருந்து எட்டாவது இடத்தில் விரலை வைத்து ஒருதரம் அழுத்திவிட்டுப் போவார். மெல்லிய தகடு கொஞ்சம் உள்ளே வளையும். நான் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

அந்தக் கோடை புழுக்கமாக இருந்தது. செப்டம்பரில், காணாமல் போனவர்களைத் தேடும் வெளிநாட்டு அமைப்பு ஒன்றிடமிருந்து படிவம் வந்தது. அதோடு படம் அனுப்ப வேண்டும். பிரதி எடுப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றினோம். படம் முழுவதும் சுலபமாக விட்டு வந்தது, ஓரிடத்தைத் தவிர. அங்கே நெல்லிக்காய் அளவுக்குத் தகட்டோடு ஒட்டியிருந்தது.

"தண்ணி தொட்டுப் பாப்பமே?" என்றார் பேரின்பநாதன். ஓரத்தை மெல்லத் தூக்கினேன். ஒட்டிய இடத்துக்கு வெளியே நின்ற பையனின் தோள் உரிந்து தகட்டில் தங்கிவிட்டது.

"விடுங்கோ மாமா. கையை எடுங்கோ."

தகட்டின் மேலாகவே பேரின்பநாதன் ஒரு ரோல் முழுவதும் படமெடுத்தார். முப்பத்தாறு படங்களிலும் தர்மராசாவின் முகம் ஈரம் பட்டதுபோல் மினுங்கியது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. கொண்டுபோய்க் காட்டிய இரண்டு கடைகளிலும் கைவிரித்துவிட்டார்கள். படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டிருந்தால் போதுமாம்.

"உங்களிலை பிழை இல்லை மாமா. தொட்டது நான்தானே" என்றார் தவமலர்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் பார்த்த இடம். உயரம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தார்.

"பக்கத்திலை நிக்கிறவன்ரை காதளவுக்கு வாறான். அவன் எவ்வளவு உயரமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். கடைசி வரியில் 'படம்: உண்டு, இல்லை, ஒன்றைக் குறிக்கவும்' என்றிருந்தது. என் பேனா இரண்டாவதுக்குப் போனது.

"இல்லையெண்டு போடாதேங்கோ மாமா. இருக்குது எண்டு போடுங்கோ."

போட்டேன். உறைக்குள் வைக்கத்தான் ஒன்றுமில்லை.